27 மீட்டர் குழாயில் தொலைந்த சூடு: ஊட்டியில் ஒரு ஹீட் பம்ப் ஆய்வு

"ராத்திரி பூரா மெஷின் ஓடுது தம்பி. ஆனா விடியற்காலையில கை வச்சுப் பார்த்தா வெதுவெதுன்னுகூட இல்ல. வர்றவங்கள்லாம் இன்னொரு கம்பளி குடுங்கன்னு கேக்குறாங்க."

ஊட்டியில் தலைகுந்தா பக்கம் சரிவில் கட்டிய வீடு அது. வயதான ஒரு அம்மா நான்கு அறைகளை வாடகைக்கு விட்டு நடத்துகிறார். விருந்தினர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் 1.5 டன் ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஏசி, அதாவது குளிரூட்டவும் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப். உள்ளே ஓடுவது ஆர்-32 கேஸ். பொருத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் குளிர்காலத்திலேயே புகார் தொடங்கிவிட்டது. மூன்று முறை ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் ஃபில்டர் கழுவினார். ஒருவர் சென்சார் மாற்றினார். மூன்றாமவர் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்து, "கேஸ் நல்லாத்தான் இருக்கு, மெஷினே சின்னது, 2 டன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பணத்தைப் போடும் முன் ஒருமுறை வந்து பார்க்கும்படி அம்மா என்னைக் கூப்பிட்டார்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளிகளில் உறைபனி படியும் ஊர். இங்கே பெரும்பாலோர் 2 கிலோவாட் ரூம் ஹீட்டர் வைத்துக் குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள். அந்த ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே கொண்டுவருவதால், ஒழுங்காகப் பொருத்தினால் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். அந்த நம்பிக்கையில்தான் அம்மா காசு போட்டிருந்தார். வாங்கும்போது ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கியதாகவும் சொன்னார். நம் நாட்டில் ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரக் கணக்கு குளிரூட்டும் வேலைக்கு மட்டுமே போடப்படுவது. சூடாக்கும் திறனைப் பற்றி அந்த ஸ்டிக்கர் ஒன்றும் சொல்லாது. இதைக் கடையில் யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

கம்ப்ரஸர் இருக்கும் வெளிப் பெட்டியான அவுட்டோர் எங்கே என்று கேட்டேன். வீட்டுக்குக் கீழே, அடுத்த தட்டில், கார் நிறுத்தும் கொட்டகை ஓரமாக இருந்தது. கூடத்தின் பின்சுவரில் மாட்டினால் படுக்கை அறைக்குச் சத்தம் கேட்கும் என்று பயந்து அங்கே வைக்கச் சொல்லியிருக்கிறார். கூடத்தில் இருக்கும் இண்டோரையும் அவுட்டோரையும் இணைக்கும் செம்புக் குழாய் ஜோடி, தடித்தது ஒன்று மெல்லியது ஒன்று, கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்கில் நுழைந்து, தாழ்வாரம் முழுக்க ஓடி, பக்கவாட்டுச் சுவரில் இறங்கி, படிக்கட்டு ஓரமாகக் கொட்டகைக்குப் போகிறது. "பதினஞ்சு மீட்டர் இருக்கும்னு சொன்னாங்க" என்றார் அம்மா.

நல்ல வேளையாக அவர் எல்லா ரசீதையும் ஒரு ஃபைலில் போட்டு வைப்பவர். பொருத்திய ரசீதில் காப்பர் பைப் இரண்டு காயில் என்று எழுதியிருந்தது. ஒரு காயில், அதாவது ஒரு சுருள், 15 மீட்டர். பதினைந்து மீட்டர் வேலைக்கு இரண்டாவது காயில் எதற்கு? டேப் எடுத்து நானும் என் உதவியாளரும் வளைவு வளைவாக அளந்தோம். 27 மீட்டர் வந்தது. இரண்டு காயில்களையும் ஃபால்ஸ் சீலிங்குக்குள் திருகி இறுக்கும் ஃபிளேர் யூனியன் போட்டு இணைத்திருந்தார்கள்.

அந்த மாடலின் பொருத்தும் கையேட்டைத் தேடி எடுத்தோம். 7.5 மீட்டர் வரை தொழிற்சாலையில் அடைத்து அனுப்பிய கேஸ் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 20 கிராம் சேர்க்க வேண்டும். அதிகபட்ச நீளம் 20 மீட்டர். ஆக, அனுமதித்த எல்லையையே 7 மீட்டர் தாண்டித்தான் இந்த மெஷின் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் குழாய்தான் காரணம் என்று சொல்லி, மாற்றிப் பொருத்தும் வேலைக்கு விலை பேசியிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. நீளமான குழாய் எப்படிக் கெடுக்கிறது, எந்த வழியில் எவ்வளவு கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தொழிலில் நீளமான பைப் என்றாலே பிரஷர் டிராப், அதாவது அழுத்த இழப்பு, என்று ஒரே பதிலைச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பதில் குளிரூட்டும் ஏசிக்கு உரியது. சூடாக்கும்போது அதே குழாயில் ஓடுவது வேறு நிலையில் இருக்கும் கேஸ்.

குளிரூட்டும்போது தடித்த குழாயில் வருவது கம்ப்ரஸர் உறிஞ்சும், அழுத்தம் குறைந்த, அடர்த்தி குறைந்த சக்‌ஷன் கேஸ். அது வேகமாக ஓடுகிறது, உரசலில் அழுத்தத்தை இழக்கிறது, கம்ப்ரஸருக்குள் நுழையும் கேஸின் எடை குறைகிறது. சூடாக்கும்போது, கேஸ் ஓடும் திசையை மாற்றும் நான்கு வழி வால்வு திரும்பிவிடும். அதே தடித்த குழாயில் கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் சூடான, அழுத்தம் மிகுந்த டிஸ்சார்ஜ் கேஸ் கூடத்துக்குப் போகிறது. அடர்த்தி அதிகம் என்பதால் வேகம் குறைவு. இந்த வீட்டில் இருப்பது அரை இன்ச் குழாய். வளைவுகளையும் சேர்த்து 32 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சூடாக்கும்போது அழுத்த இழப்பு 0.12 பார் அளவுக்குத்தான் வருகிறது. வெப்பநிலையில் சொன்னால் 0.2 டிகிரி. அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். இதே குழாய் குளிரூட்டும்போது முழு வேகத்தில் 0.4 பார் இழக்கும். அது ஒரு டிகிரிக்கும் மேல்.

ஏற்கெனவே வந்தவர்களில் ஒருவர், குழாயை இன்னும் தடித்த 5/8 இன்ச்சாக மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் காசும் போய், குழாயின் வெளிப்பரப்பும் கூடி, சூடு இன்னும் அதிகமாகக் கசிந்திருக்கும்.

சோதனையை இரவில் வைத்துக்கொண்டோம். பகல் வெயிலில் ஊட்டியில் எந்த ஹீட் பம்பும் நன்றாகத்தான் ஓடும். வெளியே 4, 5 டிகிரிக்கு இறங்கிய பிறகு, செட்டிங்கை 30-ல் வைத்து, ஃபேன் வேகத்தை மாற்றாமல், கம்ப்ரஸர் முழு மூச்சில் ஓடும்போது அளந்தோம். பின்னால் எடுத்த எல்லா அளவுகளும் இதே நிலையில் எடுத்தவைதான்.

இண்டோருக்குள் போகும் காற்று 16 டிகிரி, வெளியே வரும் காற்று 33 டிகிரி. காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் வைத்துப் பார்த்ததில் நிமிடத்துக்குச் சுமார் 10 கன மீட்டர் காற்று. இங்கே ஒரு எச்சரிக்கை. மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. கடற்கரையில் போடும் அடர்த்தியை அப்படியே போட்டால் சூட்டின் கணக்கு முப்பது சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஊட்டியின் அடர்த்தியைப் போட்டபோது வந்தது 2.5 கிலோவாட். மெஷின் இழுத்த மின்சாரம் 1.38 கிலோவாட். ஒரு யூனிட்டுக்கு 1.8 யூனிட் சூடு. ரூம் ஹீட்டரைவிட மேல்தான், ஆனால் இந்த விலைக்கு வாங்கிய மெஷின் செய்யவேண்டிய வேலை இது கிடையாது.

அடுத்த அளவுதான் கதையை உடைத்தது. தடித்த குழாயின் இரண்டு முனைகளிலும் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கட்டினோம். அவுட்டோர் வால்வில் 81 டிகிரி. அதே கேஸ் கூடத்துக்கு வந்து சேரும்போது 52 டிகிரி. வழியில் 29 டிகிரி காணாமல் போயிருக்கிறது. ஓடும் கேஸின் எடையை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அரை கிலோவாட் சூடு தாழ்வாரத்துக்கும் படிக்கட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. விருந்தினர் குளிரில் உட்கார்ந்திருக்க, சுவரும் படியும் சூடாகிக்கொண்டிருந்தன.

அந்த 81 டிகிரியும் எனக்கு இடித்தது. இந்தச் சூழலில் டிஸ்சார்ஜ் அவ்வளவு ஏறக் கூடாது. அவுட்டோருக்குள் வெளிக்காற்றின் சூட்டை இழுக்கும் காயிலின் நடுவே வைத்த தெர்மோகப்பிள் மைனஸ் 11 காட்டியது. வெளியே 4 டிகிரி இருக்கும்போது காயில் மைனஸ் 11-க்கு இறங்கினால், கேஸ் போதவில்லை என்றுதான் பொருள்.

ஆனால் கேஸ் சரியாக இருக்கிறது என்று கேஜ் மாட்டியவர் சொல்லியிருந்தாரே? அவர் வந்தது மே மாதத்தில், குளிரூட்டும் நிலையில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் என்பதால் கேஸ் குறைந்தாலும் அழுத்தம் ஓரளவு சரியாகவே காட்டும். இன்வெர்ட்டர் மெஷினில் கேஜைப் பார்த்துக் கேஸ் அளவை முடிவு செய்வது கண்ணை மூடிக்கொண்டு எடை போடுவது போல. சூடாக்கும் நிலையிலோ தடித்த குழாயின் சர்வீஸ் போர்ட் ஹை பிரஷர் பக்கமாக மாறிவிடும். அங்கே பழக்கத்தில், குறைந்த அழுத்தத்துக்கான லோ சைடு கேஜை மாட்டினால் கேஜ் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எடை மெஷின் ஒன்றே வழி. ரிகவரி மெஷின் வைத்து இருந்த கேஸ் முழுவதையும் இறக்கினோம். 0.98 கிலோ வந்தது. பெயர்ப்பலகையில் போட்டிருப்பது 1.05 கிலோ. கையேட்டின்படி 7.5-க்கு மேலுள்ள 19.5 மீட்டருக்கு 390 கிராம் சேர்த்தால் 1.44 கிலோ இருந்திருக்க வேண்டும். பொருத்தியவர் ஒரு கிராம்கூடச் சேர்க்கவில்லை. போதாததற்குச் சீலிங்குக்குள் இருந்த யூனியனில் சோப்புத் தண்ணீர் தடவினால் மெல்லக் குமிழி வந்தது. ஆக மொத்தம் 460 கிராம், தேவையில் மூன்றில் ஒரு பங்கு, இல்லை.

யூனியனை எடுத்துவிட்டு, உள்ளே நைட்ரஜனை ஓடவிட்டபடி பிரேஸிங் செய்து, அதாவது உலோகம் உருக்கி ஒட்டி, இணைத்தோம். நைட்ரஜன் இல்லாமல் பிரேஸிங் செய்தால் குழாயின் உட்புறம் கருகி உதிரும் செதில்கள், கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். பிறகு நைட்ரஜன் அழுத்தத்தில் ஒரு நாள் நிறுத்திக் கசிவு இல்லை என்று உறுதி செய்து, உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் நீக்க 500 மைக்ரான் வரை வாக்யூம் இழுத்து, 1.44 கிலோவை எடை போட்டு ஏற்றினோம்.

20 மீட்டருக்கு மேல் போன குழாய்க்குக் கையேடு எந்த உத்தரவாதமும் தரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நிலையில் மெஷினை விட்டுவிடும் எண்ணமும் இல்லை. கேஸ் குறைவு மட்டும் எவ்வளவு கெடுத்தது என்று தெரிந்துகொள்ள ஓர் இரவு ஓடவிட்டோம். காற்று 39 டிகிரிக்கு ஏறியது. சூடு 3.2 கிலோவாட், மின்சாரம் 1.36. டிஸ்சார்ஜ் 70 டிகிரிக்கு இறங்கியது. பாதிக்கு மேலான நோய் எடை மெஷினை வண்டியிலிருந்து இறக்காத சோம்பலில் வந்ததுதான். எழுதும்போதே கோபம் வருகிறது. அரை மணி நேர வேலை அது. அதைச் செய்யாததால் ஒரு குடும்பம் இரண்டு குளிர்காலம் மின்கட்டணம் கட்டிவிட்டுக் குளிரில் இருந்தது.

ஆனாலும் குழாய் வழியில் இன்னும் 23 டிகிரி போய்க்கொண்டிருந்தது. 70-ல் கிளம்பிய கேஸ் 47-ல் வந்து சேர்ந்தது. இன்சுலேஷனைப் பிரித்துப் பார்த்தோம். போட்டிருந்தது 9 மில்லிமீட்டர் வெள்ளை ஃபோம். வெயில் பட்ட இடமெல்லாம் அப்பளம் போல உதிர்ந்தது. படிக்கட்டுப் பக்கம் குரங்குகள் பிய்த்துப் போட்டு, செம்பு வெளியே தெரிந்தது. பி.வி.சி. கேசிங்குக்குள் மழைத்தண்ணீர் இறங்கி ஃபோம் ஊறிக் கிடந்தது. இதையெல்லாம்விட மோசமான ஒன்று தாழ்வாரத்தில். அங்கே தடித்த குழாயையும் மெல்லிய குழாயையும் ஒரே உறைக்குள் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குளிரூட்டும்போது இந்த மாதிரி மெஷினில் இரண்டு குழாயுமே சில்லென்று இருக்கும், அதனால் பெரிய நட்டமில்லை. சூடாக்கும்போது தடித்த குழாயில் 70 டிகிரி கேஸ், மெல்லிய குழாயில் வேலை முடித்துத் திரும்பும் 30 டிகிரி திரவம். ஒட்டி வைத்தால் கூடத்துக்குப் போகவேண்டிய சூடு திரவத்தில் ஏறி வந்த வழியே வெளியே திரும்பிவிடும்.

சூடாக்கும் மெஷினில் எந்தக் குழாயைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். மெல்லிய குழாயில் போகும் சூடு ஏற்கெனவே கூடத்தைத் தாண்டிவிட்டது. அது கசிந்தால் அறைக்கு நட்டமில்லை. தடித்த குழாயில் கசியும் ஒவ்வொரு வாட்டும் அறையின் கணக்கில் கழிகிறது. அரை இன்ச் குழாயில் 65 டிகிரி கேஸ், வெளியே 4 டிகிரி என்றால், நல்ல நிலையில் உள்ள 9 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் மீட்டருக்குச் சுமார் 13 வாட் விடும். 19 மில்லிமீட்டர் போட்டால் சுமார் 9. காற்று அடிக்கும் இடத்தில் வெறும் செம்பாக இருந்தால் 50 வாட் வரை போகும். ஆக, உரிந்து கிடக்கும் ஒரு மீட்டர், ஒழுங்காக மூடிய நான்கைந்து மீட்டரின் சூட்டைத் தின்றுவிடுகிறது.

இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் போட்டு, மூட்டுகளைப் பசை வைத்து ஒட்டி, வெளிப்பகுதியில் அலுமினியத் தகடு சுற்றினோம். மறுநாள் இரவு காற்று 42 டிகிரி. சூடு ஏறத்தாழ 3.5 கிலோவாட். குழாய் வழி இழப்பு 23-லிருந்து 11 டிகிரியாகக் குறைந்தது.

நீளத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. குளிரில் அவுட்டோர் காயிலில் பனி படியும். அதை உருக்க மெஷின் சிறிது நேரம் திரும்பி ஓடும். அதுதான் டீஃப்ராஸ்ட். அப்போது தடித்த குழாய் முழுவதும் குளிர்ந்துவிடும். டீஃப்ராஸ்ட் முடிந்ததும் முதலில் குழாயைத்தான் மறுபடி சூடாக்க வேண்டும். 27 மீட்டர் அரை இன்ச் குழாயில் செம்பு மட்டுமே ஏழு கிலோவுக்கு மேல். அதை 60 டிகிரி ஏற்றச் சுமார் 165 கிலோஜூல் வேண்டும். முதல் நாள் இருந்த 2.5 கிலோவாட் மெஷின் ஒரு நிமிடத்துக்கும் மேல் செம்பைச் சூடாக்குவதிலேயே செலவழிக்கும். ஒரு தடவைக்கு இது சின்ன விஷயம். ஆனால் கேஸ் குறைவால் காயில் மைனஸ் 11-ல் கிடந்தபோது, முப்பது முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டீஃப்ராஸ்ட் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எட்டு நிமிடம். விடியற்காலையில் அம்மா கை வைத்துப் பார்க்கும்போது காற்று வராமலோ வெறும் குளிர்ச்சியாகவோ இருந்ததற்கு இதுதான் காரணம். மெஷின் சூடாக்கிய நேரத்தைவிட, பனி உருக்கி, குழாய் சூடேற்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் அதிகம் போய்ப் பார்த்திருக்கிறார்.

பொருத்தியவர்கள் சுவரில் மூன்று இடத்தில், கம்ப்ரஸர் ஆயிலைப் பிடித்துத் திரும்ப அனுப்புவதற்கான ஆயில் டிராப் வளைவும் வைத்திருந்தார்கள். அவுட்டோர் இண்டோருக்குக் கீழே இருக்கும் வீட்டில், குளிரூட்டும்போது ஆயில் தானாகவே கீழே கம்ப்ரஸருக்கு இறங்கிவிடும். அந்த வளைவு எதற்கு? சூடாக்கும்போதோ, குளிர்ந்த குழாயில் கேஸ் திரவமாகி அந்த வளைவுகளில் தேங்கத்தான் வழி.

இவ்வளவும் ஆன பிறகு அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். "அம்மா, இப்பவே வித்தியாசம் தெரியும். ஆனா கம்பெனி சொன்ன அளவுக்கு மேல பைப் இருக்கு. கேஸும் அதிகம் கிடக்கு. கசிஞ்சா மூடின கூடத்துக்குள்ளதான் வரும். ஆர்-32 லேசாத் தீப்பிடிக்கிற கேஸ். அவுட்டோரை மேலே கொண்டு வந்தா எனக்கும் நிம்மதி." சத்தம்தானே அவருடைய கவலை. பின்சுவரில் படுக்கை அறை ஜன்னலுக்கு எதிர்க் கோடியில், ஸ்டோர் ரூம் சுவரை ஒட்டி ஓர் இடம் இருந்தது. சுவரில் மாட்டாமல் தரையில் சிமெண்ட் மேடை போட்டு, கீழே ரப்பர் பேட் வைத்தால் அதிர்வு சுவருக்கு ஏறாது. ஓர் இரவு மெஷினைத் தற்காலிகமாக அங்கே வைத்து ஓடவிட்டு, அம்மாவைப் படுக்கை அறையில் படுத்துக் கேட்கச் சொன்னேன். "மழை பெய்ற சத்தம்கூட இதைவிட ஜாஸ்தி" என்றார்.

புது வழியில் குழாய் 9 மீட்டர். கேஸ் 1.08 கிலோ. ஆயில் டிராப் வளைவு எதுவும் வைக்கவில்லை. வெளிக்காற்று மறுபடி 5 டிகிரிக்கு வந்த இரவில் அளந்தோம். காற்று 44 டிகிரி, சூடு 3.7 கிலோவாட், மின்சாரம் 1.3 கிலோவாட். ஒரு யூனிட்டுக்கு 2.8 யூனிட்டுக்கு மேல் சூடு. குழாயின் இரு முனைக்கும் வித்தியாசம் 4 டிகிரி. காயில் மைனஸ் 3-ல் நின்றது. டீஃப்ராஸ்ட் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கணக்கைப் பிரித்தால், திரும்பக் கிடைத்த 1.2 கிலோவாட்டில் 0.7 கேஸ் எடையிலிருந்து, 0.3 இன்சுலேஷனிலிருந்து, 0.2 குழாயைக் குறைத்ததிலிருந்து. நீளத்தைக் குறைத்ததால் நேரடியாகக் கிடைத்தது எல்லாவற்றிலும் சிறியது. ஆனால் 9 மீட்டர் குழாயாக இருந்திருந்தால் கேஸ் சேர்க்க மறந்தாலும் 30 கிராம்தான் குறைந்திருக்கும். கசிந்து போக அவ்வளவு நீளக் குழாயும் இருந்திருக்காது, சீலிங்குக்குள் யூனியனும் வந்திருக்காது.

2 டன் மெஷின் வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது. முன்பு எட்டு மணி நேரத்துக்கு 11 யூனிட் இழுத்த மெஷின் இப்போது கூடத்தை 21 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மீட்டரில் எட்டு யூனிட் அளவுக்குத்தான் ஓடுகிறது. உறைபனி விழும் இரவுகளில் விடியற்காலை காற்று 38, 39-க்கு இறங்குவது உண்டு. அந்த மலைக் காற்றில் அந்த மெஷினால் முடிந்தது அவ்வளவுதான் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கழற்றிய 18 மீட்டர் குழாயும் அலுமினியத் தகடும் ஸ்டோர் ரூமில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். மாடி அறைக்கும் ஒரு ஹாட் அண்ட் கோல்ட் மெஷின் போடவேண்டும் என்று போன மாதம் அழைத்தார். இம்முறை அவுட்டோர் வைக்கும் இடத்தை டேப் பிடித்து அளந்து, ஆறு மீட்டர் வருகிறது என்று அவரே சொன்னார்.